நேர்காணல் உடையை முந்தைய நாளே போட்டுப் பாருங்கள்

நேர்காணலுக்குப் புதுச் சட்டை வாங்கினால், ஒருமுறை துவைத்து இஸ்திரி போட்டு, முந்தைய நாளே அணிந்து நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நிற்கும்போது சரியாகத் தெரியும் சட்டை, உட்கார்ந்ததும் வயிற்றுப் பக்கம் பொத்தானை இழுக்கும். பேன்ட் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். சுடிதார், புடவை என்றால் துப்பட்டாவையோ முந்தானையையோ பின் குத்திவிடுங்கள். பேசும்போது கை அடிக்கடி அங்கே போகாது.

சென்னை வெயிலில் பேருந்திலோ பைக்கிலோ போகிறவர்கள் சாம்பல் நிறச் சட்டையைத் தவிர்ப்பது நல்லது, வியர்வை ஈரம் அப்படியே தெரியும். வெள்ளையிலும் அடர் நீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது. அரை மணி நேரம் முன்னதாகவே போய் ஆற அமர உட்காருங்கள்.

அப்புறம், கோட்டும் டையும் இங்கே பெரும்பாலான வேலைகளுக்குத் தேவையில்லை. அதற்காகத் தயவுசெய்து கடன் வாங்காதீர்கள். பாலிஷ் போட்ட ஷூ, கறுப்பு சாக்ஸ் போதும்.