சலித்த வேலையை விட்டுப் புதிய துறைக்குச் செல்லும்போது: இரண்டுபட்ட மனத்தைக் கையாளும் முறை

சலித்துப்போன வேலையிலிருந்து விலகும் நாள் நெருங்கும்போது நிம்மதி மட்டுமே இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள், கூடவே வருத்தமும் அச்சமும் சிறிது குற்றவுணர்வும் வந்து நிற்பதைக் கண்டு, எடுத்த முடிவே தவறோ என்று குழம்பிவிடுகிறார்கள். அந்தக் கலக்கத்தை முடிவின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்றைப் பெறுவதன் மகிழ்ச்சியைவிட, அதே அளவுள்ள ஒன்றை இழப்பதன் வலி நமக்குப் பெரிதாகத் தெரிகிறது என்று உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்கள். பிடிக்காத வேலைக்கும் இது பொருந்தும். மாதம் தவறாத சம்பளமும் கைப்பழக்கமாகிவிட்ட பணியும் இன்றே நம்மிடம் இருப்பவை. புதிய துறை தரப்போவது எதுவும் இன்னும் கண்ணில் படவில்லை.

ஆகவே முதல் வேலை, எதை இழக்கப்போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது. ‘பாதுகாப்பு’, ‘வசதி’ போன்ற பொதுச்சொற்கள் இங்கே உதவமாட்டா. ‘மாலை 6 மணிக்குமேல் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை’, ‘பக்கத்து மேசை நண்பரோடு தினமும் பேசிச் சிரிக்கிறேன்’, ‘யார் எதைக் கேட்டாலும் எனக்கு விடை தெரிகிறது’ என்ற அளவுக்கு இறங்கி எழுத வேண்டும். எழுதி முடித்ததும், செய்யும் பணியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்பது பலருக்குப் புலப்படும். நண்பரை வேலையை விட்ட பிறகும் சந்திக்கலாம். மாலை நேரம் தனக்கு மிஞ்சுமா என்பதைப் புதிய இடத்தில் முன்கூட்டியே கேட்டுவிடலாம். கடினமானது மூன்றாவதுதான். எல்லாம் தெரிந்தவர் என்ற இடத்திலிருந்து, தம்மைவிட இளையவரிடம் அடிப்படைச் சந்தேகம் கேட்கும் இடத்துக்கு வருவது யாருக்கும் எளிதன்று; அச்சம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கூச்சமே என்பது என் கருத்து. இதற்கு மருந்து, வேலையில் இருக்கும்போதே புதிய துறையில் சிறிய பணி ஒன்றைச் செய்து, அத்துறையில் இருப்பவர் ஒருவரிடம் காட்டிக் குறைகளைக் கேட்பது. இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டால் கூச்சம் தானாகக் குறையும்.

அடுத்து, சலிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இதே பணியை நல்ல மேலாளரின் கீழ், கூடுதல் சம்பளத்துக்குச் செய்யச் சொன்னால் சம்மதிப்பீர்களா? சம்மதிப்பீர்கள் என்றால், மாற்ற வேண்டியது அலுவலகத்தை, துறையை அல்ல. ‘இத்தனை ஆண்டு இங்கே உழைத்துவிட்டோமே’ என்ற எண்ணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இருந்தாலும் விலகினாலும் அந்த ஆண்டுகள் திரும்பி வரப்போவதில்லை.

பெரிய முடிவுகளில் ஊசலாடிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோரை, மாறுவதா இருந்தபடியே இருப்பதா என்று நாணயம் சுண்டிப் பார்க்கச் செய்து ஆராய்ந்தார் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட். மாற்றத்தைத் தேர்ந்தவர்கள், இருந்தபடியே இருந்தவர்களைவிட ஆறு மாதங்களுக்குப் பின் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் தாமாக முன்வந்து கலந்துகொண்டவர்கள் என்பதால், இதை எல்லோருக்குமான உத்தரவாகக் கொள்ளக் கூடாது. தயக்கம், இருந்தபடியே இருப்பதன் பக்கமாகத் தராசின் தட்டைச் சற்று அழுத்திப் பிடிக்கிறது என்பதற்கான குறிப்பாகக் கொள்ளலாம்.

முடிவு செய்த பின் ஒழுங்கு முக்கியம். பணி நியமன ஆணை எழுத்தில் கைக்கு வரும்வரை ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். வேலை கிடைக்கும் முன்பே விலகுவதென்றால், சில மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்க வேண்டும். மேலாளரோடு மனக்கசப்பு ஏற்பட்ட நாளில் ராஜினாமாக் கடிதத்தை எழுதவே வேண்டாம். கடிதத்தில் விலகும் தேதியும் நன்றியும் போதும். ‘சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம், இருங்கள்’ என்று கேட்கப்பட்டால் என்ன சொல்வது என்பதை முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்; சலிப்புக்குச் சம்பளம் காரணமில்லை என்றால், சம்பள உயர்வு அதைத் தீர்க்காது.

குற்றவுணர்வைத் தணிப்பது பொறுப்பு ஒப்படைப்புதான். நோட்டீஸ் காலத்தில், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், மாதக் கடைசியில் எந்தக் கணக்கு மட்டும் ஒத்துவராது, அப்போது யாரைத் தொலைபேசியில் அழைத்தால் வேலை நடக்கும், எந்த வாடிக்கையாளருக்கு இரண்டு முறை நினைவூட்ட வேண்டும் என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால், உடன் பணியாற்றியவர்களைத் தவிக்கவிட்டுவிட்டோம் என்ற உறுத்தல் பெரும்பாலும் நீங்கிவிடும்.

புதிய இடத்தின் முதல் வாரங்களில், கற்றுக்கொண்ட களைப்போடு வீடு திரும்பும் மாலைகளில் பழைய வேலை இனிப்பாகத் தெரியும். அந்த நேரத்தில் எதையும் முடிவு செய்யாமல், மூன்று மாதங்களுக்குப் பின்வரும் ஒரு தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்துவைத்து, இந்த மாற்றம் சரிதானா என்ற கேள்வியை அன்றைக்குத் தள்ளிவையுங்கள்.