கோர்ட் ரிப்போர்ட்டர்களுக்கு இலக்கணம் சொல்லித்தர ஆசையா?

அமெரிக்காவில் ஸ்டெனோ மெஷினில் (சுருக்கெழுத்து இயந்திரம்) சாட்சியம் பதியும் கோர்ட் ரிப்போர்ட்டர்களுக்கு ஆங்கில இலக்கணமும் நிறுத்தக்குறியும் கற்றுத்தருவது தனித் தொழில். ரிப்போர்ட்டர்களுக்கான ஆர்பிஆர் (Registered Professional Reporter) என்ற தொழில்முறைச் சான்றிதழுக்குக் கேள்வி-பதிலை நிமிடத்துக்கு 225 சொல் வேகத்தில் எடுக்க வேண்டும்; எழுத்துத் தேர்வும் உண்டு.

இதில் இறங்குவதென்றால் பள்ளிப் புத்தக வாக்கியங்களை ஓரமாக வையுங்கள். சாட்சி தப்பும் தவறுமாகப் பேசினாலும் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. ரிப்போர்ட்டர் கையில் இருப்பது நிறுத்தக்குறிதான். பாதியில் அறுந்த பேச்சு, வக்கீலின் குறுக்கீடு, கேள்வியின் வாலில் ஒட்டும் 'கரெக்ட்?' இவைதான் நல்ல பயிற்சி. 'நோ'வுக்குப் பின் கமாவா, முற்றுப்புள்ளியா என்பதற்கே ஒரு வகுப்பு போய்விடும்!

அமெரிக்க உச்ச நீதிமன்றத் தளத்தில் வாதங்களின் ஒலிப்பதிவும் எழுத்துப்படியும் இலவசம். முதலில் கேட்டுக் குறியிடச் சொல்லுங்கள், அப்புறம் ஒப்பிடட்டும்.