டி.சி.எம். போச்சு என்கிறார்களா? மாற்றுமுன் பார்க்க வேண்டியதும் மாற்றும் முறையும்

கியர் மாற மறுக்கிறது, மீட்டரில் கியர் விளக்கு எரிகிறது. கொண்டுபோய் விட்ட இடத்தில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, “டி.சி.எம். போயிருச்சுண்ணே, மாத்திருவோம்” என்கிறார்கள். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பயந்துபோய்ப் பணத்தை எடுக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். டி.சி.எம். கெடவே கெடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நான் பார்த்த வரையில், அதன் மேல் பழி விழும் வண்டிகளில் கெட்டுக் கிடப்பது பெரும்பாலும் பேட்டரி, எர்த், இல்லாவிட்டால் ஒயர்.

டி.சி.எம். என்பது ட்ரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல், கியர்பாக்ஸை ஆளும் சின்னக் கம்ப்யூட்டர். வண்டியின் வேகம், ஆக்ஸிலேட்டர் அழுத்தம், பிரேக் சுவிட்ச், கியர் லீவர் நிலை என்று எல்லாத் தகவலையும் வாங்கி, எந்த கியர் எப்போது விழ வேண்டும் என்று முடிவு செய்வது அதன் வேலை. ஏதாவது தகவல் தாறுமாறாக வந்தால், பல வண்டிகளில் ஒரே கியரில் நின்றுகொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும். அதுதான் லிம்ப் மோடு. கியர்பாக்ஸைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. அதனால் லிம்ப் மோடு வந்துவிட்டது என்பதற்காக மாட்யூல் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டி.எஸ்.ஜி. போன்ற டூயல் கிளட்ச் வண்டிகளில் டி.சி.எம். பெரும்பாலும் கியர்பாக்ஸோடு சேர்ந்த மெக்கட்ரானிக் யூனிட்டுக்குள்ளேயே (வால்வுகளும் எலக்ட்ரானிக்ஸும் ஒன்றாக உள்ள பாகம்) இருக்கும். அதைக் கழற்றுவது வீட்டு வாசலில் செய்கிற வேலையில்லை. மாட்யூல் தனிப் பெட்டியாக எஞ்சின் பக்கத்திலோ டேஷ்போர்டுக்கு அடியிலோ இருக்கும் ஏ.எம்.டி. (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக இயக்குவது), டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியே விசை கடத்துவது) வண்டிகளுக்குத்தான் இந்த விளக்கம்.

1. ஃபால்ட் கோடைப் (கோளாறு எண்ணை) படியுங்கள், அழிக்காதீர்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகும் 16 பின் ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். மலிவு விலை ப்ளூடூத் ஸ்கேனர்கள் பல எஞ்சின் கோடை மட்டும்தான் காட்டும். அதில் பி 0700 என்று வரும், ‘டி.சி.எம். ஃபால்ட்’ என்று தீர்ப்பும் வந்துவிடும். பி 0700 வெறும் காலிங் பெல் சத்தம். வாசலில் நிற்பது யார் என்று கதவைத் திறந்தால்தான் தெரியும். கியர்பாக்ஸ் மாட்யூலுக்குள் போய்ப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காட்டி, உள்ளே இருக்கும் கோடை எழுதி வாங்குங்கள்.

பி 0715, பி 0720 என்றால் ஸ்பீடு சென்சர் பக்கம் பாருங்கள். பி 0562 என்றால் வோல்டேஜ் குறைவு. யு 0101 என்றால் டி.சி.எம். பேசவே இல்லை, செத்திருக்கலாம், கரன்ட் போகாமலும் இருக்கலாம். பி 0601, பி 0604, பி 0613 போன்றவைதான் மாட்யூலின் உள்ளே கோளாறு என்று நேராகச் சொல்பவை.

2. பேட்டரி

இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. நம்ம ஊர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும், அந்தத் தளர்ச்சி எஞ்சினில் தெரிவதற்கு முன்னால் கியரில் தெரியலாம். ஏ.எம்.டி. வண்டியில் கிளட்சையும் கியரையும் இயக்குவதே கரன்ட்தான். ஹைட்ராலிக் வகை ஏ.எம்.டி. என்றால் அதன் ஆயில் டேங்க்கில் அளவையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

3. கரன்டும் எர்த்தும்

இந்த வேலையில் உயிர்நாடி இதுதான், அவசரப்படாமல் செய்யுங்கள். முதலில் டி.சி.எம். ஃப்யூஸைக் கழற்றிப் பாருங்கள். பிறகு சாவியை ஆஃப் செய்து, மாட்யூலில் ஒயர்கள் செருகியிருக்கும் கப்ளரைக் கழற்றுங்கள். உங்கள் வண்டியின் ஒயரிங் படத்தில் எது பிளஸ் பின், எது எர்த் பின் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும், உடனே ‘கரன்ட் வருது’ என்று நம்பிவிடுவோம். பத்து இழை ஒயரில் ஒன்பது அறுந்து ஒரு இழை தொங்கினாலும் மீட்டர் 12தான் காட்டும். அதனால் 5 வாட் பார்க் லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைக் கட்டி, கப்ளரின் பிளஸ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே பிடியுங்கள். சாவி போட்டால்தான் கரன்ட் வரும் பின்னுக்குச் சாவியை ஆன் செய்து பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் கோளாறு ஒயரிங்கில். மாட்யூலைக் குறை சொல்ல வேலையே இல்லை. சிக்னல் பின்களில் இந்தப் பல்பை வைக்கவே வைக்காதீர்கள்.

அப்புறம் சாவியை ஆஃப் செய்து கப்ளரை மாட்டி, மறுபடி ஆன் செய்து, எர்த் பின்னின் பின்புறத்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் பாடியில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து முறுக்குங்கள்.

4. எலியும் தண்ணீரும்

எங்கள் மதுரையில் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் வயலை ஒட்டி வண்டி நிறுத்துபவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது. மேலூரிலிருந்து வந்த வண்டி ஒன்றில் டி.சி.எம். மாற்றச் சொல்லி எஸ்டிமேட்டே கொடுத்திருந்தார்கள். பேட்டரிக்கு அடியில் போகும் ஹார்னஸின் (ஒயர்க் கட்டின்) டேப்பைப் பிரித்தால் உள்ளே நெல் உமி, பஞ்சு, கடித்துத் துப்பிய ஒயர்த் தோல். ஸ்பீடு சென்சர் ஒயர் செம்பு தெரிய நின்றது. சாலிடர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடியதோடு வேலை முடிந்தது.

மழைக்காலத்தில் கர்டர் பாலத்துக்கு அடியில் தேங்கும் தண்ணீரில் வண்டியை விட்டிருந்தால், கப்ளர் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு மாட்டுங்கள்.

5. கேன் லைன்

மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரட்டை ஒயர்தான் கேன் லைன். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, ஓ.பி.டி. சாக்கெட்டின் 6-வது, 14-வது பின்களுக்கு இடையே ஓம்ஸ் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 60 பக்கம் வரும். 120 வந்தால் லைன் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட்.

இவ்வளவும் சரி, ஆனாலும் மாட்யூல் பேசவில்லை அல்லது உள்கோளாறு கோடு திரும்பத் திரும்ப வருகிறது என்றால், சரி, இப்போது டி.சி.எம்.மைக் குறை சொல்லலாம். காலையில் ஒழுங்காக ஓடி, அக்னி நட்சத்திர மதியத்தில் கோரிப்பாளையம் நெரிசலில் மட்டும் மக்கர் செய்தால் உள்ளே சாலிடர் விட்டிருக்க வாய்ப்புண்டு. அதை ஈ.சி.எம். (எஞ்சின் கன்ட்ரோல் மாட்யூல்) ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து முதலில் முயன்று பார்க்கலாம். வண்டியின் விவரமெல்லாம் அதே பெட்டியில் இருப்பதால் பல நேரம் கோடிங் (வண்டியின் விவரத்தை மாட்யூலில் ஏற்றுவது) செலவும் மிச்சம்.

6. மாற்றுவது

ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். சென்னை புதுப்பேட்டையிலிருந்து ஆம்னி பஸ் பார்சலில் பழைய யூனிட் வரவழைப்பதாக இருந்தால், ‘இதை என் வண்டிக்குக் கோடிங் செய்ய முடியுமா’ என்று கோடிங் செய்யப் போகிறவரிடம் கேட்டுவிட்டுப் பணம் போடுங்கள். சில மாட்யூல்கள் முன்பிருந்த வண்டியின் விவரத்தை விடவே விடாது.

கழற்றுவது சின்ன வேலை. லீவர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பேட்டரி மைனஸை எடுத்துக் கொஞ்ச நேரம் விடுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் தெரிந்தால் அது ஏர்பேக், தொடாதீர்கள். வண்டி பாடியை ஒரு தடவை தொட்டுவிட்டு மாட்யூலைக் கையில் எடுங்கள். கப்ளரின் லாக்கை விடுவித்து நேராக இழுக்க வேண்டும். நெம்பினால் பின் வளையும். பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்களைக் கழற்றி, புதியதை அதே இடத்தில் அதே திசையில் பூட்டுங்கள்.

மாட்டியதும் வண்டி ஓடிவிடாது. வண்டியின் வி.ஐ.என். நம்பரை (சேசிஸ் நம்பரை) ஏற்றி, கிளட்ச் பிடிக்கும் இடத்தையும் கியர் நிலைகளையும் ஸ்கேனர் மூலம் கற்றுக்கொடுக்க வேண்டும். இதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். கோடிங் ஏறும்போது பேட்டரியில் சார்ஜர் போட்டிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். பாதியில் வோல்டேஜ் விழுந்தால் புது மாட்யூலும் போச்சு.

7. ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டத்துக்கு நத்தம் சாலைப் பறக்கும் பாலம் வேண்டாம். நடுவில் நின்றால் ஒதுங்க இடம் கிடைக்காது. விடிகாலையில் அழகர்கோவில் சாலையில் எல்லா கியரும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் காளவாசல் மேம்பாலம் ஏறி இறங்கி, நெரிசலிலும் கொஞ்சம் ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஸ்கேன் செய்து கோடு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய மாட்யூலை மெக்கானிக் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். பின்னால் கோடிங்கில் சிக்கல் வந்தால் அதற்குள் இருக்கும் விவரத்தை எடுக்க வேண்டியிருக்கும்.