சீகன்பால்கைத் தெரிந்துகொள்ள தரங்கம்பாடியை எப்படிச் சுற்றுவது?

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை முன்னால் நாலு படம் எடுத்துவிட்டு, போகிற வழியில் சர்ச்சை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்த கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்க் யாரென்று தெரிந்துகொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் அவர் வாழ்க்கை போன வரிசையிலேயே நடங்கள். ஊர் சின்னது, அரை நாள் போதும்.

ஊருக்குள் நுழையும் வெள்ளை வாசலை அவர் பார்த்ததே இல்லை, அது 1792ல் கட்டியது. நேராகக் கடற்கரைக்குப் போங்கள். 1706 ஜூலை 9ல் சக போதகர் புளூட்சோவோடு அவர் வந்து இறங்கிய இடத்துக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மன்காரர், வந்த புதிதில் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். நீங்களும் அங்கே ஒரு 'அ' எழுதிப் பாருங்கள், சிறுபிள்ளைத்தனம்தான், பரவாயில்லை.

அடுத்து டேனிஷ் கோட்டை, அப்போது ஊர் டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. இங்கே பீரங்கியைவிட முக்கியமான சங்கதி, அவரை அனுப்பிய அதே டேனிஷ்காரர்களின் தளபதி ஹாசியஸ், தன்னோடு முட்டிக்கொண்டார் என்று 1708ல் அவரைப் பிடித்து நாலு மாதம் இங்கே அடைத்து வைத்தார்.

அப்புறம் அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகம். இங்கே அவசரப்படாதீர்கள். அச்சு வேலையைப் புரிந்துகொண்டால் அவருடைய செல்வாக்கு பாதி புரிந்துவிடும். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் ரொம்பப் பெரியவை, காகிதத்தை விழுங்கின, அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பைபிளின் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி 1715ல் முடிந்தது. கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் பெயர்த்தவரும் இவரேதான். மதம் மாற்ற வந்தவர் என்று ஒரே வரியில் முடிப்பவர்களிடமும், குறையே இல்லாத மகான் என்பவர்களிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713ல் எழுதிய புத்தகம் அச்சேற 1867 ஆனது, நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலே!

கடைசியாக ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் 1718 என்று இருக்கும். அந்த அக்டோபரில் பிரதிஷ்டை, அடுத்த பிப்ரவரியில் அவர் போய்விட்டார், வயசு 36. கல்லறை உள்ளேயே பலிபீடத்தின் பக்கம். ஞாயிறு ஆராதனை நேரத்தில் போனால் கேமராவை எடுக்காமல் பின் வரிசையில் உட்காருங்கள், முடிந்ததும் அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டுக் கிட்டே போய்ப் பாருங்கள்.