மரப்பெட்டி செய்யும்போது மரத்தின் வரிகளைக் கவனியுங்கள்

மரப்பெட்டிக்குச் செதுக்கு வேலையோ வண்ணமோ தேவையே இல்லை, மரத்தின் வரிகளே போதும். நாலு பக்கங்களையும் ஒரே பலகையிலிருந்து நீளம், அகலம், நீளம், அகலம் என்று வரிசை மாறாமல் அறுத்து, அதே வரிசையில் 45 பாகையில் மூலை சேர்த்தால், வரிகள் ஓடையின் நீரோட்டம் போல மூலைக்கு மூலை வளைந்து போகும். 25க்கு 15 செ.மீ. பெட்டிக்கு 80 செ.மீ. பலகை கணக்கு வரும், ரம்பம் தின்னும் தூளையும் சேர்த்து 90 செ.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். அறுப்பதற்கு முன்பே பென்சிலால் 1, 2, 3, 4 என்று எழுதிவிடுங்கள், அப்புறம் தேடினால் எது எதற்குப் பக்கம் என்று தெரியாது. நாலாவது மூலையில் மட்டும் வரி பொருந்தாது, அதைப் பின்பக்கம் வையுங்கள்.

அடிப்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு மரமாக இருந்தால் பசை போட்டு இறுக்காதீர்கள். ஈரக்காற்றில் மரம் அகலவாக்கில் உப்பும், அதனால் பக்கப் பலகைகளின் உள்புறம் அடியோரமாக வெட்டிய பள்ளத்தில் கொஞ்சம் இடம் விட்டுச் சும்மா செருகினாலே போதும். கடைசியில் உப்புத்தாளை வரியோடு சேர்த்துத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள், வரிகள் அப்படியே எழுந்து நிற்கும். எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள்.