விசா நேர்காணல் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்போது என்ன செய்வது?

2025 டிசம்பர் இரண்டாவது வாரத்தில், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் தம்பியின் இரண்டு பெட்டிகளும் கட்டித் தயாராக நின்றுகொண்டிருந்தன. அம்மா போட்டுத் தந்த வடகத்தைச் செய்தித்தாளில் சுற்றி உள்ளே வைத்து, பெட்டியின் எடையைக்கூடப் பார்த்துவிட்டோம். அன்றிரவு வந்த மின்னஞ்சலில், அந்த மாதம் 18ஆம் தேதி சென்னையில் நடக்க வேண்டிய, ஹெச்-1பி என்னும் அமெரிக்க வேலை விசாவுக்கான அவனுடைய நேர்காணல் மார்ச் மாதத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதாக இரண்டே வரிகள் இருந்தன. டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி விண்ணப்பதாரர்கள், அவர்களுடைய துணைவர், பிள்ளைகளுக்கான ஹெச்-4 விண்ணப்பதாரர்கள் எல்லோருடைய சமூக ஊடகக் கணக்குகளையும் பரிசீலிக்க அமெரிக்க வெளியுறவுத் துறை முடிவு செய்திருந்தது. அதனால் ஒரு நாளில் நடத்தக்கூடிய நேர்காணல்களின் எண்ணிக்கை குறைந்து, இந்தியா முழுவதும் தேதிகள் தள்ளிப்போயின. எங்களுக்கு வந்த துன்பம் தேதி மாறியதனால் மட்டும் வந்ததன்று. அவன் அதற்கு முந்தைய வாரமே பழைய வேலையிலிருந்து விலகியிருந்தான். அந்த மூன்று மாதங்களில் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் இருக்கும் கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலாவதும் மிக முக்கியமானதும் இதுதான்: குடும்பத்தின் எந்த முடிவையும் நேர்காணல் தேதியோடு இணைக்காதீர்கள், விசா பதிந்த பாஸ்போர்ட் கைக்கு வரும் நாளோடு இணையுங்கள். வேலையிலிருந்து விலகுவது, பிள்ளையின் பள்ளியில் டி.சி. வாங்குவது, வாடகை வீட்டைக் காலி செய்வது, விமானச் சீட்டு எடுப்பது ஆகிய நான்கும் அந்த நாளுக்குப் பிறகு நடக்க வேண்டியவை. நோட்டீஸ் காலம் 60 நாளோ 90 நாளோ இருக்கிறதே என்ற கவலை நியாயமானதுதான். அதற்குரிய வழி, புதிய நிறுவனத்திடம் உண்மை நிலையைச் சொல்லி, பணியில் சேரும் தேதியை விசா கிடைத்த பிறகு நிர்ணயிக்கும்படி எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது. ஹெச்-1பி ஊழியருக்குச் சம்பளம் தரும் கடமை, அவர் அமெரிக்காவுக்குள் நுழைந்து அதிகபட்சம் 30 நாளுக்குள்தான் அந்த நிறுவனத்துக்குத் தொடங்குகிறது. இங்கே காத்திருக்கும் மாதங்களுக்கு அவர்கள் எதுவும் தரவேண்டியதில்லை. பழைய வேலையை விட்டால் சம்பளத்தோடு நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். வீட்டில் வயதான பெற்றோர் இருந்தால் இதைக் கட்டாயம் கணக்கில் எடுங்கள். எங்கள் அப்பாவின் மருந்துச் செலவு அந்த மூன்று மாதமும் கையிலிருந்துதான் போனது. ஏற்கெனவே விலகிவிட்டவர்கள், கூச்சப்படாமல் பழைய மேலாளரிடம் பேசிப் பாருங்கள். தம்பி அப்படிப் பேசித்தான் ஜனவரி இறுதியில் ஒப்பந்த அடிப்படையில் அதே வேலைக்குத் திரும்பினான்.

அடுத்து, காகிதங்கள். காத்திருக்கும்போது நாம் சும்மா இருந்தாலும் காகிதங்களுக்கு வயதாகிக்கொண்டே இருக்கும். ஒரு நோட்டில் ஒவ்வோர் ஆவணத்தின் பெயரையும் அது செல்லும் கடைசித் தேதியையும் எழுதி, மாதம் ஒரு முறை பார்த்துவிடுங்கள். டிஎஸ்-160 என்னும் இணைய விசா விண்ணப்பப் படிவத்தில் ஏற்றும் படம் கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். நேர்காணல் தள்ளிப்போனால் படம் பழையதாகிவிடும். படிவத்தைப் புதிதாக நிரப்பினால் அதன் எண்ணும் மாறும். அந்தப் புதிய எண்ணை நேர்காணல் பதிவுக் கணக்கிலும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பும் நிலை வரலாம். ஹெச் வகை விசாக்களுக்கான கட்டணம் 205 டாலர். அதைச் செலுத்திய நாளிலிருந்து 365 நாளுக்குள் தேதி பதிவு செய்துவிட வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் தேதியை ஒரு முறை மட்டுமே கூடுதல் செலவின்றி மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் மாற்றினால் மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டும். எனவே, சற்று முன்னதாக ஒரு நாள் கிடைக்கிறது என்பதற்காக அந்த ஒரே வாய்ப்பைச் செலவழித்துவிடாதீர்கள். நிறுவனம் தந்த பணிச் சான்றுக் கடிதம் பல மாதம் பழையதாகிவிட்டால் புதிய தேதியிட்ட கடிதம் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டைத் தனியாகக் கவனியுங்கள். அமெரிக்க விமான நிலையத்தில் தங்கும் காலத்தைப் பதியும்போது பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டித் தரமாட்டார்கள். நிறுவனம் நமக்காகப் போட்ட விசா மனுவுக்கு மூன்று ஆண்டு ஒப்புதல் இருந்தாலும், பாஸ்போர்ட் ஓராண்டில் முடிந்தால் ஓராண்டுதான். காலாவதியாவதற்கு ஓராண்டு முன்பே நம் நாட்டில் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதால், காத்திருக்கும் காலம் அதற்கு ஏற்றது. எண் மாறிவிடும் என்பதை மறக்காமல், படிவத்திலும் பதிவுக் கணக்கிலும் உடனே திருத்துங்கள்.

தமிழர்களாகிய நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அது இனிஷியல். சான்றிதழில் எஸ். முருகன் என்றும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரை விரித்தும், ஆதாரில் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்றெழுத்து வந்து அமர்ந்துவிடும். பிறகு அங்கே எடுக்கும் ஓட்டுநர் உரிமம் போன்றவற்றிலும் அதே எழுத்துகள் தொடர்ந்து வந்து தொல்லை தரும். இதைத் திருத்தக் காத்திருப்புக் காலம் நல்ல வாய்ப்புதான். ஆனால் மனு ஒப்புதல் பழைய பெயரில் வந்திருக்கும் என்பதால், நிறுவனத்தின் வழக்கறிஞரைக் கேட்காமல் பாஸ்போர்ட்டில் பெயரைத் தொடாதீர்கள்.

முன்கூட்டியே நேர்காணல் தேதி (ஸ்லாட்) வாங்கித் தருவதாகச் சொல்பவர்களை நம்பிப் பதிவுக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு முகவரிடம் பணம் கொடுத்தார். அந்த ஆள் பல பேர் கணக்குகளில் திரும்பத் திரும்ப நுழைந்ததில் இவருடைய கணக்கு முடங்கிப்போனது. 2025 மார்ச்சில், கணினி நிரல்கள் மூலம் பதிவு செய்யப்பட்ட சுமார் 2,000 நேர்காணல்களை இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் ஒரேயடியாக ரத்து செய்தது. நேர்மையான வழிகள் இரண்டு உண்டு. சென்னையில் இடமில்லை என்றால் ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய இடங்களிலும் தேதி பார்க்கலாம். உண்மையான அவசரம் இருந்தால், முதலில் கிடைக்கும் சாதாரணத் தேதியை எடுத்துக்கொண்டு, பிறகு அவசர நேர்காணலுக்கு ஆதாரத்தோடு கோரிக்கை வைக்கலாம். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய் முடித்துவிடலாம் என்ற பழைய யோசனை இனி உதவாது. 2025 செப்டம்பர் 6 முதல், குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஜெர்மனிக்குச் செல்வோருக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. வேலை தரும் நிறுவனம் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி, திறன்மிகு பணியாளருக்கான விரைவு நடைமுறையைத் தொடங்கலாம். முன் ஒப்புதல் வந்துவிட்டால் மூன்று வாரத்துக்குள் நேர்காணல் தேதியும், அதன் பிறகு பொதுவாக மூன்று வாரத்துக்குள் முடிவும் கிடைக்கும். இதை நாம் தொடங்க முடியாது, நிறுவனம்தான் செய்ய வேண்டும். ஆகவே பணி ஒப்பந்தம் பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

நேர்காணல் நாளுக்கான பயணத்தையும் திட்டமிட வேண்டும். கைரேகையும் படமும் எடுக்கும் மையம் வேறு, ஜெமினி மேம்பாலம் அருகிலுள்ள துணைத் தூதரகம் வேறு. இரண்டும் வெவ்வேறு நாளில் அமையும். கிளாம்பாக்கத்தில் இறங்கினால் அங்கிருந்து ஜெமினிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் இருக்கிறது என்பதால், விடியற்காலைப் பேருந்தை நம்பிக் கடலூரிலிருந்து கிளம்புவது சரியாக வராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி வந்தால் இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. அடுத்த நாட்களில் விழுப்புரம் பக்கம் வெள்ளத்தால் சாலையும் ரயிலும் நின்றன. உள்ளே கைப்பேசிக்கு அனுமதி இல்லை. கூட வருபவரிடம் கொடுத்துவிட்டு, முக்கியமான தொலைபேசி எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் பொதுவாக நேரில் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருந்த விலக்கு 2025 செப்டம்பர் 2 முதல் நீக்கப்பட்டுவிட்டது. சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி முன்பே மாற்றி வைத்திருக்க வேண்டும்.

நேர்காணல் முடிந்தும் சிலருக்கு 221(ஜி) என்று ஒரு தாள் தருவார்கள். கூடுதல் ஆவணமோ கூடுதல் பரிசீலனையோ தேவை என்பது அதன் பொருள். அப்போது இணையத்தில் நிலையைப் பார்த்தால் 'ரெஃப்யூஸ்டு' என்றே காட்டும். தம்பிக்கும் அப்படித்தான் காட்டியது. அம்மா அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது இறுதி மறுப்பு இல்லை என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது மிகவும் அவசியம். "தம்பி எப்போ கிளம்புறாரு?" என்று கேட்கும் அக்கம்பக்கத்தாருக்கும் "பாஸ்போர்ட் வந்ததும்" என்ற ஒரே பதிலை வீட்டில் எல்லோரும் சொல்லுங்கள், தேதி சொன்னால் ஒவ்வொரு முறை மாறும்போதும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும், அங்கேயே விசா பக்கத்தைத் திறந்து பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், மனு எண், முடியும் தேதி ஆகியவற்றை மனு ஒப்புதலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே துணைத் தூதரகத்துக்கு எழுதுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அன்று மாலையே வேலையிலிருந்து விலகும் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நோட்டீஸ் காலம் முடியும் நாளைக் கணக்கிட்டு விமானச் சீட்டை எடுக்கலாம்.