காது வலிக்கும் வரை காத்திருக்காதீர்கள்

டைவிங்கில் ஆழம் போகப் போகத்தான் காதுக்கு ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். காது பெரும்பாலும் அடி வாங்குவது முதல் 10 மீட்டரில்தான். கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், அடுத்த 10 மீட்டரில் அதைப்போல் ஒன்றரை மடங்குதான் ஆகும்.

எல்லாரும் செய்கிற தவறு, வலி வந்த பிறகு மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைத் திறக்கப் பார்ப்பது. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கம் போகும் குழாயின் வாய் மெத்தென்றது, வெளி அழுத்தம் கொஞ்சம் அதிகமானாலே அமுங்கி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு ஊதினாலும் திறக்காது. ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தாமதமே இதற்குப் போதும். அதனால் படகிலேயே ஒருமுறை காதைத் திறந்துவிட்டு, தலை தண்ணீருக்குள் போனதுமே மறுபடி, பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை என்று செய்துகொண்டே இறங்குங்கள்.

திறக்கவில்லையா? தம் கட்டி ஊதாதீர்கள், தயவுசெய்து. செவிப்பறை கிழிந்தால் பெரும்பாலும் ஆறிவிடும், ஆனால் அந்த வேகத்தில் உள்காதின் மெல்லிய சவ்வு கிழிந்தால் கேட்கும் திறனே நிரந்தரமாகப் போகலாம். உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, விரலால் காதைக் காட்டுங்கள், கூட வருபவருக்குப் புரியும். ஒரு மீட்டர் மேலே வந்து, மூக்கைப் பிடித்தபடி எச்சில் விழுங்கிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அன்றைய டைவ் அவ்வளவுதான். கட்டிய பணம் போனால் போகட்டும்.

தலைகீழாக இறங்குவதும் வேண்டாம், காது திறப்பது அப்போது இன்னும் கஷ்டம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து நின்றபடிதான் இறங்கினார்கள். நாமும் கயிற்றைப் பிடித்துக் கால் கீழாகப் போகலாம்.

சளி இருக்கும்போது சிலர் மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். மருந்தின் வேகம் கடலடியில் தீர்ந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காதுக்குள் உப்பும், ஆனாலும் சிலிண்டரில் காற்று தீர்வதற்குள் நீங்கள் மேலே வந்தாக வேண்டும். காதில் பஞ்சோ சாதாரண அடைப்பானோ வைப்பதும் தவறு, அழுத்தம் அதையே உள்ளே தள்ளிவிடும்.

நீருக்கடியில் வலி சட்டென்று நின்று உலகமே சுற்றினால், செவிப்பறை கிழிந்து குளிர்ந்த நீர் உள்ளே போயிருக்கலாம். கயிற்றைக் கெட்டியாகப் பிடித்து நில்லுங்கள். பொதுவாக அந்த நீர் உடல் சூட்டுக்கு வந்ததும் சுற்றல் அடங்கும், பிறகு மெதுவாக மேலே வாருங்கள்.

காதில் வலியோ சுற்றலோ இல்லையென்றால், கரையேறியதும் நல்ல தண்ணீரில் காதைக் கழுவி, தலையைச் சாய்த்து வடியவிட்டால் போதும். பட்ஸ் வேண்டாம். வலிக்கிறதே என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றவே கூடாது, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நேரே நடுக்காதுக்குப் போய்விடும். இரைச்சல், தலைசுற்றல், கேட்பது குறைவது, இதில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள், மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள், ஏனென்றால் டைவுக்குப் பின் வரும் தலைசுற்றல் உள்காதில் நைட்ரஜன் குமிழ்கள் உண்டானதாகவும் இருக்கலாம், அதற்கு ஆக்சிஜனும், காற்றழுத்தம் கூட்டிய அறையில் வைத்துத் தரும் சிகிச்சையும் தாமதமில்லாமல் வேண்டும்.